வினைமுதல்

மும்பை
14 ஜூலை 2024

அன்புத் தங்கச்சி ரமாபாய்க்கு,

ஜெய்பீம். நானும் உன் அண்ணியும் நலம். இங்கே ஒரு வாரமாக மழை விடவில்லை. துணி காயவில்லை, அதற்குப் பதிலாக உன் அண்ணி என்மேல் காய்கிறாள். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை லட்சுமணன் சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, இல்லை வழக்கம்போல டப்பாவை மட்டும் ஆட்டிக் காட்டுகிறாரா?

என் போன கடிதத்தில் சந்திப்பிழைகளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பத்துக்கு ஐந்து கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தாய். நாற்பத்து நான்கு வயதில் தங்கச்சியிடம் மார்க் வாங்கும் ஆபரேஷன்ஸ் மேனேஜர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வந்துவிடுகிறது என்றுதானே இந்தத் தபால் ஏற்பாடு? இதிலும் நீ தமிழ் டீச்சராகவே இருந்தால் நான் எங்கே போவேன்?

கம்பெனியில் நிலைமை சுமார். சரக்கு குறைந்துவிட்டது. கன்டெய்னர் கட்டணம் இறங்கிவிட்டது. கூட்டத்தில் எங்கள் டைரக்டர் ஒரு பேச்சுப் பேசினார். பணம், வியாபாரம், லாபம் எல்லாம் காற்று, மழை, கடல் மாதிரி இயற்கைச் சக்திகளாம். அவற்றோடு யாரும் கோபித்துக்கொள்ள முடியாதாம். வரும்போது ஒதுங்கி நிற்க வேண்டியதுதானாம். வீட்டுக்கு வந்தும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சரியாகத்தான் சொல்கிறார் என்று பட்டது. நாம் கடலோரம் வளர்ந்தவர்கள். உனக்கு என்ன தோன்றுகிறது?

மேல்வீட்டில் குடியிருக்கும் தேவப்பிரியத்தையும் அவர் மனைவி கரோலினையும் விசாரித்ததாகச் சொல்.

பாசத்துடன் உன் அண்ணன்,
சித்தார்த்


திருவொற்றியூர்
28 ஜூலை 2024

அன்புள்ள அண்ணா,

ஜெய்பீம். இங்கே எல்லோரும் நலம். முழங்கால், படி ஏறும்போது மட்டும் பேசுகிறது. மாத்திரையை இப்போதெல்லாம் நானே அவர் வாயில் போட்டுத் தண்ணீரையும் ஊற்றிவிடுகிறேன். அண்ணி காய்வதில் நியாயம் இருக்கும். முதலில் மன்னிப்புக் கேள், எதற்கு என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

உங்கள் டைரக்டரை ஒரு நாள் நம் பக்கம் கூட்டிக்கொண்டு வா. கடற்கரைச் சாலை நெடுகக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அது ஏன் என்று கேட்கட்டும். ‘கடல் உள்ளே வந்துவிட்டது’ என்று நாமும்தான் சொல்கிறோம். துறைமுகத்துக்குக் கல்சுவர் நீட்டிய பிறகுதானே அது வடக்கே திரும்பி, தெருத்தெருவாகத் தின்றது? நம் ஊரில் கடலே தானாக எதையும் செய்யவில்லை. பணம் மட்டும் தானாகச் செய்யுமா? போ அண்ணா.

உன் மாப்பிள்ளைக்கும் தேவப்பிரியத்துக்கும் உங்கள் கன்டெய்னர் யார்டில் ஒரே ஷிப்ட் விழுந்திருக்கிறது. ஒரே டிபன் கேரியரில் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறார்கள். இவர் மேலே உட்கார்ந்து பெட்டி தூக்கும் வண்டியை ஓட்டுகிறார், அவர் கீழே நின்று கை காட்டுகிறார். தேவப்பிரியம் கை காட்டாமல் இவர் ஒரு பெட்டியைக்கூட இறக்குவதில்லையாம். என் பேச்சை இப்படி ஒரு நாள் கேட்டிருப்பாரா?

ஆகஸ்டிலிருந்து வாடகை ஏறிவிட்டது என்று கரோலினிடம் சொன்னேன். “சரி டீச்சர்” என்றாள். நல்ல பெண்.

உன் கடிதத்துக்குப் பத்துக்கு ஆறு. ‘சுமார்’ என்றால் எவ்வளவு சுமார்? எழுதவில்லை, அதனால் ஒரு மார்க் போயிற்று.

உன் தங்கச்சி,
ரமாபாய்


மும்பை
25 ஆகஸ்ட் 2024

அன்பு ரமாவுக்கு,

ஜெய்பீம். இருவரும் சுகம். நீ சொன்னபடி மன்னிப்புக் கேட்டேன். ‘எதற்கு?’ என்று அவள் கேட்டாள். மாட்டிக்கொண்டேன்.

ஓர் உதவி வேண்டும். குடிதண்ணீர்த் தொட்டிக்கும் தீயணைக்கும் கருவிக்கும் எங்கள் யார்டுக்கு நீதான் அறிவிப்பைத் தமிழில் எழுதிக் கொடுத்தாய். அதே மாதிரி இன்னோர் அறிவிப்பு. இங்கிலீஷ் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நிர்வாகத்தின் கைமீறிய சந்தைச் சக்திகள் காரணமாகப் பணியிடங்கள் குறைக்கப்படுகின்றன என்பதுதான் சாரம். நீ எழுதினால் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் மென்மையாக இருக்கும்.

இது நம் திருவொற்றியூர் யார்டுக்குத்தான். தீபாவளிக்குப் பிறகு இருபது பேர் குறைகிறார்கள். மாப்பிள்ளை பெயர் அதில் இல்லை, நான் பார்த்துக்கொண்டேன். நீ நிம்மதியாக இரு. இப்போதைக்கு யாரிடமும் சொல்லவேண்டாம், மாப்பிள்ளையிடமும்.

மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது ரமா. ஆனால் யாரைக் குற்றம் சொல்வது? நாங்கள் கட்டணத்தைக் குறைக்காவிட்டால் சரக்கு பக்கத்து யார்டுக்குப் போகிறது. குறைத்தால் சம்பளம் கொடுக்க முடியவில்லை. முதலாளியும் இதில் மாட்டிக்கொண்டவர்தான். நான் கையெழுத்துப் போடாவிட்டால் வேறொருவன் போடுவான். இதற்குப் பெயர் இயற்கை இல்லை என்றால் வேறு என்ன?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
சித்தார்த்


திருவொற்றியூர்
4 செப்டம்பர் 2024

அண்ணா,

ஜெய்பீம். நலம். நீ நலமா என்று கேட்கவேண்டும், கேட்டுவிட்டேன்.

உன் இங்கிலீஷ் தாளைப் பாடம் நடத்துகிற மாதிரி நாலு தடவை படித்தேன். பணியிடங்கள் குறைக்கப்படுகின்றனவாம். யாரால் அண்ணா? செயப்பாட்டு வினையில் எழுதினாலும் ‘இன்னாரால்’ என்று ஒன்று வரவேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட விட்டுவிட்டால் நான் கேட்பேன். செய்தவர் யார்? வினைமுதல் எங்கே? தேடித்தேடிப் பார்த்தேன், அந்தத் தாளில் ஒரு மனுஷனும் இல்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. வானத்திலிருந்து மழை பெய்கிறபோது தெருவில் என் வீட்டை மட்டும் விட்டுவிட்டுப் பெய்யுமா? மாப்பிள்ளை பெயர் இல்லை என்று எழுதியிருக்கிறாய். இயற்கைச் சக்திக்கு என் புருஷன் யாரென்று எப்படித் தெரிந்தது?

நம் நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சாதியும் இயற்கை, மேடும் பள்ளமும் மாதிரி என்று சொன்னவர்களிடம் ‘இத யாரு வெச்சது?’ என்று கேட்டவர். கேட்டதால்தான் உனக்குச் சித்தார்த் என்றும் எனக்கு ரமாபாய் என்றும் பெயர் வைத்தார். அவர் பெற்ற பிள்ளை நீ.

தேவப்பிரியம் பெயர் அதில் இருக்கிறதா? இதற்கு மட்டும் பதில் எழுது.

ரமா


மும்பை
29 செப்டம்பர் 2024

அன்பு ரமாவுக்கு,

ஜெய்பீம். பதில் தாமதம், வேலை அதிகம். உன் அண்ணிக்குக் காய்ச்சல் வந்து போயிற்று. இப்போது தேவலை. என் ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருப்பதாக டாக்டர் சொல்கிறார். ஊறுகாயை நிறுத்தச் சொன்னார். நீ அனுப்பிய மாங்காய் ஊறுகாயைப் பார்த்துக்கொண்டே தயிர்ச்சோறு சாப்பிடுகிறேன்.

நீ கேட்டால் நானும் கேட்பேன். உன் பரீட்சைக்கு நான் உட்கார்ந்து பாடம் ஒப்பித்துக் கேட்டவன். அகப்பொருளில் முதற்பொருள் என்றால் என்ன? நிலமும் பொழுதும். அதாவது இயற்கை. இங்கே மும்பையில் முதல் என்றால் பணம். நம் தமிழே இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. நான் என்ன செய்ய?

இன்னொன்றும் சொல்கிறேன். கடலோர ஹவுசிங் போர்டில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாம். இதே யார்டில் நான் பெட்டி எண் எழுதுகிற கிளார்க்காகச் சேர்ந்தேன். சரக்கு பெருகியது, நான் வளர்ந்தேன், நீ படித்தாய். அன்றைக்கு அது நம்மைத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் போட்டபோது யாரால் என்று நாம் கேட்கவில்லையே. எடுத்துக்கொண்டோம், சந்தோஷப்பட்டோம்.

அப்புறம், டீச்சரம்மா, ஜூலைக் கடிதத்தில் ‘வாடகை ஏறிவிட்டது’ என்று எழுதியிருக்கிறாய். தானாகவா ஏறியது? கால் முளைத்து மாடிக்குப் போயிற்றா? அதற்கு நான் உனக்குப் பத்துக்குப் பூஜ்யம் போடுகிறேன்.

கோபம் இல்லை. சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அண்ணன்,
சித்தார்த்


திருவொற்றியூர்
12 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணா,

ஜெய்பீம். அண்ணிக்குக் காய்ச்சல் சரியானது அறிந்து நிம்மதி. ஊறுகாயைத் தயவுசெய்து பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடு. பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் தின்றுவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும்.

பூஜ்யம் நியாயம்தான். படித்ததும் முகம் சுட்டது. அன்றே மாடி ஏறிப் போய், “கரோலின், வாடகை ஏறல. நான்தான் ஏத்தினேன்” என்றேன். அவள் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையை எடுக்காமல், “தெரியும் டீச்சர். நீங்க சொல்ல வெக்கப்பட்டீங்க, சரின்னு வுட்டுட்டேன்” என்றாள். பழைய வாடகையே போதும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். படியில் முழங்கால் வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். நன்றாக வலித்தது.

நீ சொன்னதையும் யோசித்தேன். நம்மைத் தூக்கிவிட்டபோது நாம் கேட்கவில்லை, உண்மைதான். கேட்டிருக்கவேண்டும். ஆனால் என்னைப் படிக்கவைத்தது எந்தக் கடலும் இல்லை அண்ணா. உனக்குச் சட்டை வாங்காமல் எனக்குப் புத்தகம் வாங்கியது நீ. இதையும் இயற்கை என்று எழுதினால் நான் உன்னோடு பேசமாட்டேன்.

முதற்பொருள் நிலமும் பொழுதும்தான், மறுக்கவில்லை. ஆனால் இலக்கணத்தில் இன்னொரு முதல் இருக்கிறது. வினைமுதல். செய்தவன். நீ அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டாமல் விட்டுவிட்டாய்.

தேவப்பிரியத்தைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. அதுவே பதில். நேற்றுக் கரோலின் வஞ்சிர மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன், சாப்பிட முடியவில்லை. மாப்பிள்ளை இரண்டு பங்காகச் சாப்பிட்டுவிட்டு, “இன்னாமே, நோன்பா?” என்கிறார். அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதும் நான் செய்கிறதுதான்.

நீ கேட்ட தமிழ் இதோ:

‘சித்தார்த் ஆகிய நான், கம்பெனியின் லாபம் குறைந்ததால், இந்த இருபது பேரையும் வேலையிலிருந்து எடுக்கிறேன். பெயர்களை நானே தேர்ந்தெடுத்தேன்.’

பிழை எதுவும் இல்லை. அப்படியே ஒட்டலாம்.

உன் தங்கச்சி,
ரமா


மும்பை
4 நவம்பர் 2024

அன்பு ரமாவுக்கு,

ஜெய்பீம். நலம். உன் தமிழ் கிடைத்தது. அதை ஒட்ட இயலாது. மொழிபெயர்ப்பு வேறொரு ஏஜென்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. குளிர் காலம், முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் கொடு.

சித்தார்த்


திருவொற்றியூர்
20 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

ஜெய்பீம். ஒத்தடம் கொடுத்தேன். நீ எழுதியதிலேயே சின்னக் கடிதம், அதிலும் ‘ஒப்படைக்கப்பட்டது’. உன்னைத் திருத்த எனக்குச் சிவப்பு மை போதவில்லை.

உங்கள் அறிவிப்பைத் திங்கட்கிழமை கேட்டில் ஒட்டிவிட்டார்கள். ஏஜென்சி என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ‘நிலவும் சந்தைப் படைகள் காரணமாக, நிர்வாகத்தின் கட்டுப்பாட்டை மீறி, பதவிகள் குறைந்து நிற்கின்றன.’ இங்கிலீஷில் சக்திக்கும் பட்டாளத்துக்கும் ஒரே சொல்லாமே. எந்த மெஷின் செய்த வேலையோ! மார்க்கெட்டிலிருந்து பட்டாளம் வருகிறதாம். யார்டு முழுக்க அதே பேச்சு. “இன்னா மாமு, பட்டாளம் எப்போ வருதாம்? எந்த மார்க்கெட்டு, காசிமேடா கொத்தவால் சாவடியா? கத்தியோட வருவாங்களா, தராசோட வருவாங்களா?” என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். கீழே இருபது பெயரையும் படித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டதாம்.

சாயங்காலம் தேவப்பிரியம் வந்தார். வாசலிலேயே நின்றார். “டீச்சர், நீங்க தமிழ் படிச்சவங்க. சந்தைப் படைன்னா யாரு? யாராண்ட போயி கேக்கணும்?” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். உள்ளே போய் அழுதேன்.

அன்றைக்கே மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன், ஆகஸ்டிலிருந்தே எனக்குத் தெரியும் என்று. அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. “அவன் கை காட்டாம நான் ஒரு பொட்டி எறக்குனதில்ல. இனிமே எந்த மூஞ்ச வெச்சுகினு வண்டில ஏறுவேன்?” என்றார். அதோடு சரி. என்னோடு பேசுவதில்லை. மாத்திரையைத் தானே போட்டுக்கொள்கிறார், அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

உன்னைத் திட்டவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. நீ அங்கே தனியாக இதை வைத்துக்கொண்டு என்ன பாடு படுகிறாயோ என்றுதான் தோன்றுகிறது. சாப்பிடு. ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்.

ரமா


மும்பை
27 நவம்பர் 2024

அன்பு ரமாவுக்கு,

ஜெய்பீம். உன் கடிதத்தை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். பட்டாளம் வந்த இடத்தில் இருவரும் சிரித்தோம். தேவப்பிரியம் வாசலில் நின்ற இடத்தில் அவள் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மீதியை அவள்தான் படித்தாள்.

நீ செப்டம்பரில் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். கட்டணம் இறங்கியதை நான் செய்யவில்லை. அதை இன்னமும் சொல்வேன். எவனோ எங்கேயோ இறக்கினான், அவனை எனக்குத் தெரியாது. ஆனால் பட்டியலை நான் போட்டேன். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். இருபதாவது பெயர் லட்சுமணன். அந்தப் பெயரை நான் தாண்டினேன். எண்ணிக்கை நிறையவேண்டுமே, அதனால் அடுத்த பெயரை எடுத்தேன். அடுத்த பெயர் தேவப்பிரியம். மேல்வீட்டில் இருக்கிறவர், உன் கையால் நான் சாப்பிட்டபோது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். தெரிந்தேதான் எடுத்தேன்.

அடுத்த வாரம் வருகிறேன். யார்டு கேட்டில் நின்று இதையே சொல்லப்போகிறேன். பயமாக இருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொல்லிவை.

உன் அண்ணன்,
சித்தார்த்


திருவொற்றியூர்
15 டிசம்பர் 2024

அன்புள்ள மச்சானுக்கு லட்சுமணன் எழுதறது.

ஜெய்பீம். இங்க அல்லாரும் நல்லா கீறோம். நீ ஒயுங்கா ஊரு போய் சேந்தியா? உன் வூட்ல அக்கா எப்டி கீறாங்கோ? எனக்கு லெட்டர் எழுதி பயக்கமில்ல, தப்பு இருந்தா உன் தங்கச்சி வட்டம் போடுவா, நீ கண்டுக்காத.

அன்னிக்கி கேட்டாண்ட பசங்கோ உன்ன சுத்திகினு, ‘எந்தப் பட்டாளம் சார் வந்துச்சு?’ன்னு கேட்டானுங்கோ. நீ போட்ட நாற்காலில குந்தாம, ‘பட்டாளம் இல்ல, நான்தான். லிஸ்ட்டு போட்டவன் நான். என் தங்கச்சி புருஷன காப்பாத்த தேவப்பிரியத்த தள்ளுனதும் நான்தான்’னியே, பசங்கோ அப்டியே கிட்ட வந்தானுங்கோ. மெய்யாலுமே சொல்றேன், அடிச்சிருவானுங்கோன்னுதான் நான் முன்னால வந்து நின்னேன். எனக்கு உன் மேல கோவம் போவல, ஆனா உன்ன அடிக்க வுட்ருவேனா?

அப்போ தேவப்பிரியம் வந்து ‘அப்போ இனிமே உன்னாண்ட பேசலாம் இல்ல?’ன்னு கேட்டான் பாரு, அத்த நான் சாவற வரிக்கும் மறக்கமாட்டேன். பொழுது சாயற வரிக்கும் மண்ணுல குந்திகினு பேசுனோம். அல்லாரும் ஷிப்ட்ட கொஞ்சம் கொஞ்சம் வுட்டுக் குடுக்கறது, மார்ச்சு வரிக்கும் ஒருத்தனும் போறதில்லன்னு நீ கையெழுத்து போட்டே. மொதல்ல வுட்டுக் குடுத்தது நான், தெரியுமில்ல. மார்ச்சுக்கு அப்பால இன்னா, உன் தலைக்கு மும்பைல இன்னா வரும், எனக்கு ஒண்ணும் தெரியல. கேட்டா நீ சிரிக்கறே. ஏதாவது ஆச்சுன்னா இங்க வந்துரு. வூடு கீது, நாங்கோ கீறோம்.

நேத்து வண்டில ஏறுனேன். தேவப்பிரியம் கீழ நின்னு கை காட்டுனான். பொட்டிய எறக்கிட்டு, சாப்புடறச்சே கேட்டேன், ‘ஏண்டா, என் மச்சான் மேல உனக்கு கோவமே வர்லியா?’ன்னு. அவன் சொல்றான்: ‘வராம இன்னா? நல்லா வந்துச்சு. ஆனா மழை வருது, மழை வருதுன்னாங்கோ, நானும் வானத்தப் பாத்துகினு குந்திகினு இருந்தேன். மழையாண்ட இன்னாத்த பேசறது? உன் மச்சான் வந்து நான்தான்னாரு. கோச்சிக்கறதுக்கும் பேசறதுக்கும் அப்போதான் எனக்கு ஒரு ஆளு கெடச்சாரு.’

உன் தங்கச்சியாண்ட பேசிட்டேன். மாத்திரை அவளே போடறா.

இப்படிக்கு,
லட்சுமணன்

அண்ணா, இந்தச் சிவப்பு மை நான். உன் நவம்பர் 27 கடிதத்தைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். வினைமுதல் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. பத்துக்கு ஒன்பது. ஆகஸ்டிலேயே எழுதியிருந்தால் பத்து கொடுத்திருப்பேன். ஊறுகாய் தின்னாதே.